பழைய கை

தாதரில் ஏறிய லோக்கலில் எனக்கு எதிரே இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் இளைஞன், காலடியில் இரும்புப் பெட்டி. மற்றவர் அவனுடைய அக்கா புருஷன் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஒண்ணும் தெரியாமப் போயிருந்தா பைலட் ஆயிருப்பேன், அத்திம்பேர்.”

“என்னடா உளர்றே? க்ளப்ல ரெண்டு வருஷம் பிளேன் ஓட்டினவனையா மிலிட்டரியில திருப்பி அனுப்பிட்டா?”

“க்ளப் பிளேன்ல திருப்பற பிடி இடது கையில, எஞ்சின் வேகம் வலது கையில. அங்கே நேர்மாறு. முதல் மாசம் நான்தான் முன்னாடி, எல்லாரும் கேப்டன்னு கூப்பிட்டா. அப்புறம் அவசரம்னு வந்தா பழைய கைதான் முந்திண்டது. பிளேனையே பார்க்காம வந்தவாள்லாம் பாஸ்.”

“நல்லவேளை, சாப்பிடறது வலது கையாலதான்.”

இளைஞன் சிரிக்கவில்லை.

“இன்னொரு சான்ஸ் கேட்டியோ?”

“வாத்தியார் குடுத்தார். பிளேனை இறக்கறச்சே மறுபடி கை மாறிடுத்து. திட்டக்கூட இல்லை. கை குலுக்கிட்டுப் போயிட்டார்.”

“உங்கக்கா, நீ லீவுல வரேன்னு பில்டிங் பூராச் சொல்லி வெச்சிருக்காடா.”

“நீங்க முன்னாடி போய்ச் சொல்லிடுங்கோ. நான் குர்லா வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன்.”

மாட்டுங்காவில் அவர் மட்டும் இறங்கினார். சயானில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். இடது கையை வலது கையால் மடியில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.