சீக்கிரம் வேகக்கூடாது

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். வீட்டுப் பின்பக்கம் வைத்து மீன் சுட பார்பிக்யூ அடுப்பு வாங்குவது பற்றிப் பேச்சு.

"கேஸ் அடுப்பே வாங்கலாம். பத்து நிமிஷத்துல வெந்துடும்," என்றார் கணவர்.

"அதான் வேணாங்கிறேன்," என்றாள் மனைவி.

"இன்னாம்மா, வேகறதுக்குத்தானே அடுப்பு?"

"நம்ம கல்யாணத்துக்கே வராத எங்கப்பா, மொதத் தடவ வூட்டுக்கு வர்றாரு. சீக்கிரம் வெந்தா மூஞ்சத் திருப்பிக்கினு துன்னுட்டுக் கெளம்பிடுவாரு. கரி அடுப்புன்னா தணல் புடிக்கவே அரை மணி ஆவும்."

"அதுவரைக்கும் அவராண்ட நான் இன்னா பேசறது?"

"பேசவே வேணாம். தணல் சரியில்லன்னு திட்டி, விசிறிய அவரே புடுங்கிக்குவாரு. நீ பக்கத்துல உக்காரு, போதும்."

கணவர் அவள் பக்கம் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கரி கொஞ்சம் ஈரமா இருந்தா பரவாயில்லையா?"