படத்திலிருந்த என் முகத்தை நான் அறுத்தது

என் பெயர் ஓர்த்தான்ஸ் கெர்வேல், வயது முப்பத்தொன்று, காலஞ்சென்ற கொரான்டன் கெர்வேலின் மனைவி. பாரீஸ் நகரம், லெப்பிக் தெருவில் மாடியறை ஒன்றில் குடியிருந்து வருகிறேன். ஓவியர்கள் பார்த்து வரைய, அவர்கள் சொன்னபடி நிற்பதும் உட்காருவதும் என் தொழில். என் கணவருக்கும் அதே தொழில்.

கடந்த பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, ஓவியர் ஒனோரே வல்துரானின் ஓவியக்கூடத்தில், ரோமாபுரியில் சிலுவையில் தொங்கிய அடிமையாக என் கணவரைக் கைகளைத் தூக்கி மரத்தில் கட்டினார்கள். அந்த அடிமையின் மனைவியாக நான் கீழே மண்டியிட்டு அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று அந்தப் பாவி கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பாவி என்பதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி எழுத்தரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெகுநேரம் கழித்து என் கணவர், "மூச்சு முட்டுது ஐயா, கொஞ்சம் இறக்கிவிடுங்க" என்றார்.

"சிலுவையில தொங்குறவன் பேசுவானாடா? வாயை மூடு. கழுத்து நரம்பு இப்பத்தான் அழகா எழும்புது" என்றார் வல்துரான்.

நான் எழப்போனேன். "நீ அசைஞ்சே, ரெண்டு பேருக்கும் இந்த ஊர்ல எவன்கிட்டயும் வேலை கிடைக்காது, பார்த்துக்க" என்றார். நான் அசையவில்லை.

அதன் பிறகு என் கணவர் பேசவில்லை. அவருடைய நகங்கள் நீலம் பாய்ந்தன. வல்துரான் எழுந்து வந்து அவற்றை உற்றுப் பார்த்தார், திரும்பிப் போய் நீலச்சாயம் குழைத்தார், அதைத் தீட்டி முடித்த பிறகே இறக்கச் சொன்னார். இறக்கியபோது உயிர் இல்லை. டாக்டர் இதயக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். நான் கொண்டுபோன புகாரை யாரும் வாங்கவில்லை.

நேற்று மதியம் அந்தப் படத்தை வைத்திருந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். படத்துக்குப் பதக்கம் கிடைத்திருந்தது. ஒரு சீமாட்டி என் முகத்தைக் காட்டி, "அடேயப்பா, எவ்வளவு தத்ரூபமா அழுறா பாரேன்!" என்றாள். புருஷன் சாவதைப் பார்த்துக்கொண்டே, சொன்னபடி மண்டியிட்டுக் கிடந்தவளின் முகம் அது. ரொட்டிக் கத்தியால் அதை அறுத்தேன். வேறெதையும் தொடவில்லை. நகங்கள் அப்படியே இருக்கின்றன. கண்ணால் பார்க்காதவன் அந்த நீலத்தைத் தீட்ட முடியாது என்பதை நீதிபதி போய்ப் பார்க்கட்டும்.

இன்று காலை வல்துரான் என்னைக் காவல் அறையில் வந்து பார்த்தார். "மறுபடி வந்து மண்டியிடு. முகத்தைச் சரிபண்ணிட்டு, உன் மேல கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"மேல யாரைக் கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவனை நினைச்சுக்கிட்டு அண்ணாந்து பாரு, போதும்" என்றார்.

அந்த மரத்தின் கீழே நான் மறுபடி மண்டியிட மாட்டேன். ஆகவே அவர் புகாரைத் திரும்பப் பெற்றாலும் என்னை விடுவிக்காமல் சிறைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ஓர்த்தான்ஸ் கெர்வேல்