துடைத்துக் கொடுத்த கண்ணாடி

கண்ணாடியைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நெற்றியில் இருக்கிறது, ஐயா. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது சகஜம். என் தங்கையும் அப்படித்தான், தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள். நான் சொல்ல மாட்டேன். அவளாகவே கண்டுபிடித்துச் சிரிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

உங்களுக்கு வேண்டியது தளபதி என்று எனக்குத் தெரியும். வேறொரு பெண்ணோடு அவர் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்து, அமைச்சர் பதவி போய், இப்போது விசாரணை என்று பழையதையெல்லாம் கிளறுகிறீர்கள். நான் அவர் ராணுவத் தளபதியாக இருந்த காலம் முதலே அவருடைய செய்திச் செயலாளராக இருந்தவன். அவர் சொல்ல வேண்டியதை நாட்டுக்குச் சொல்வதும், சொல்லக் கூடாதது வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. என் தங்கையின் விஷயம் அதில் ஒரு சின்னப் பகுதி. நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள்.

அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தவன் நான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பாதான். அயல்நாட்டு மொழிகளில் கெட்டிக்காரி. வெளிநாட்டு ராணுவக் குழுக்கள் வரும்போது மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நான்தான் சேர்த்துவிட்டேன். தளபதியின் பயணங்களுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ததும் நான்தான். வேறு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் காது மந்தம். இன்னொருவருக்கு விமானம் ஏறினால் வாந்தி. ஆகவே பாப்பா போனாள்.

தளபதி அவளைப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். பிறகு அவள் அவரைப் பார்த்த விதமும் தெரிந்தது. நான் தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் எங்களுக்குப் பெரிய அரசு வீடு ஒதுக்கினார்கள். என் மனைவி சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்டை உங்க திறமைக்கா குடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் ஜன்னல் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன்.

தளபதி சீருடையைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வரவிருந்த சமயம். அவர் மனைவியின் தகப்பனார்தான் ஆளும் கட்சித் தலைவர். பாதுகாப்பு அமைச்சர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்றோடு ஒப்பந்தம், பெரிய கூடம், எல்லாத் தொலைக்காட்சிகளும் வந்திருந்தன. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தளபதி அறிக்கையைப் படிக்க எழுந்து சட்டைப் பையைத் தடவினார். படிக்கும் கண்ணாடி காரிலேயே தங்கிவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பாப்பாவின் முகத்திலிருந்து அவள் கண்ணாடியை எடுத்தார், தான் மாட்டிக்கொண்டார், படித்தார். கேட்டு வாங்கவில்லை. அவளும் திடுக்கிடவில்லை. எடுக்க வசதியாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கூடக் கொடுத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். படித்து முடித்ததும் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, அதன்பிறகு அவளிடம் கொடுத்தார். துடைக்காமல் கொடுத்திருந்தால் தப்பித்திருப்போம்.

பின்வரிசையிலிருந்து ஒரு நிருபர் குரல் கொடுத்தான். "சார், உங்க பவரும் மேடத்தோட பவரும் ஒண்ணா? யாரு செக் பண்ணாங்க?"

ஒரே சிரிப்பு. பாப்பா என்ன செய்தாள் தெரியுமா? வெளிநாட்டுக் குழுவின் பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். பழக்கம். வேலையில் அவ்வளவு சுத்தம். விருந்தாளிகள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் தளபதியின் மனைவி கைப்பையை மூடினார். அந்த 'டக்' சத்தம் ஒலிவாங்கியில் விழுந்தது.

மறுநாள் காலைப் பேப்பர்களில் அவளுக்குக் 'கண்ணாடிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் தளபதியின் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரைவிரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது மனைவிதான்.

"உக்காருங்க. உங்க தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்கம்மா. கொஞ்ச நாளாவே."

"பாவம். கல்யாணமாகாத பொண்ணு. ஏதேதோ கற்பனை பண்ணிக்கிறாளாம்."

"ஆமாங்கம்மா."

தளபதி தலையை நிமிர்த்தவில்லை. எனக்குக் காபி வந்தது. குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஓர் அறிக்கை எழுதினேன். பல நாட்களாக மனநலம் குன்றியிருப்பதாகவும், தளபதியோடு தனக்கு உறவு இருப்பதாக நம்பி அவரைச் சங்கடப்படுத்தியதாகவும் பாப்பாவே சொல்வது போல. சாப்பாட்டு மேஜையில் அவள் அதைப் படித்தாள். என் மனைவி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"அவருக்கு என்னைத் தெரியாதுன்னு சொல்லட்டும், அண்ணா. நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கேயாவது போய் டீச்சர் வேலை பார்த்துக்கறேன். ஆனா எனக்குப் பைத்தியம்னு நானே சொல்லணுமா?"

"வார்த்தைதானே, பாப்பா."

"வார்த்தைதான் எனக்குச் சோறு போடுது," என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். கையெழுத்துப் போடாமல் தாளைத் தள்ளிவைத்தாள்.

அவள் சொன்ன வழியும் நல்ல வழிதான். அதை இப்போது யோசித்துப் பார்க்கும்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் எத்தனை நாள் அமைதியாக இருப்பார்கள் என்று என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். தளபதி விழுந்தால் நானும் விழுவேன், வீடு போகும், அவளும் தெருவுக்கு வருவாள். எல்லோரையும் சேர்த்துத்தான் யோசித்தேன்.

கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, கண்ணைப் பரிசோதித்துவிடலாம் என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினேன். நம்பி வந்தாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ராணுவ மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடம், பச்சைக் கதவு. உள்ளே நுழைந்ததும் பணிப்பெண் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். அந்தப் பிரிவில் உடையும் பொருள் எதுவும் கூடாது என்பது விதி. நான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் அவளுக்குக் கிட்டத்திலும் தூரத்திலும் எல்லாம் மங்கல்.

டாக்டர் மரியாதையானவர். அவரும் அந்த நேரலையைப் பார்த்தவர்தான்.

"தளபதியை உங்களுக்கு நேர்ல பழக்கமாம்மா?"

"பழக்கம்தான், டாக்டர். எங்க அண்ணாவைக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளும் நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். கண்ணாடி இல்லாததால் அது அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்த அளவுக்கு அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

மனநோயாளி என்று அவளைச் சேர்க்க ரத்த சம்பந்தமுள்ளவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

தளபதி அமைச்சரானார். ஒருமுறைகூட அவளைப் பற்றிக் கேட்கவில்லை. என் மனைவிதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கண்ணாடியையாவது குடுத்துட்டு வாங்களேன், பாப்பா படிச்சுக்கிட்டாவது இருக்கும்." விதி என்று சொன்னேன். கொஞ்ச நாளில் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடி இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பேன்.

முதலில் பார்க்கப் போனபோதெல்லாம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டியா, அண்ணா?" சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன்பிறகு இன்னொன்று தொடங்கியதாகப் பணிப்பெண் சொன்னாள். யார் எது சொன்னாலும் அதை அயல்மொழியில் திருப்பிச் சொல்கிறாளாம். சாப்பிடு என்றால் அதையும். குளித்துவிட்டு வா என்றால் அதையும்.

போன வாரம் நானே பார்த்தேன். மெலிந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "பாப்பா, அண்ணா வந்திருக்கேன்" என்றேன். அவள் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அண்ணா வந்திருக்கிறார் என்று அந்த மொழியில் அதனிடம் சொன்னாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வரவில்லை என்பதால் எனக்கும் எதுவும் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்கு நோய் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. அவளைவிடத் தெளிவான மனுஷி அந்தக் கட்டடத்தில் அன்று யாருமில்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இப்போது நோய் இருக்கிறதே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆகவே நான் பொய்க் கையெழுத்துப் போட்டதாகச் சொல்வது சரியாக இருக்காது. கொஞ்சம் முன்கூட்டியே போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.