விரிப்பின் கீழிருந்த கயிறு

பொழுதுபோக்குக்காக நாடகம் போடும் குழுக்களில் எல்லோருக்கும் நடிக்கத்தான் ஆசை. திரைச்சீலையின் சுருக்கத்தை நீவிவிட ஒருவருக்கும் ஆசை இருப்பதில்லை. நம் குழுவில் பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் செய்தவன் நான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. நாடகம் எழுதுவதும், மேடை அமைப்பதும், பக்கத் திரைக்குப் பின்னால் அமர்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பதும் என் மாலைப்பொழுது. விபத்தைப் பற்றி ஒரு பக்க அறிக்கை போதும் என்று, குழுச் செயலாளர் என்ற முறையில், கேட்டிருந்தீர்கள். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளரான என் தங்கையின் கணவர்தான் நம் நிரந்தரக் கதாநாயகர். அவர் மேடையேறும் முன்பே கைதட்டல் ஏறிவிடும். ஆனால் நான் எழுதிய வசனத்தை எழுதியபடி அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

"எழுதினத மட்டும் சொல்லுங்க மாப்பிள்ள."

"அப்படியே சொன்னா எனக்கே கொட்டாவி வருது மச்சான். பாக்க வந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? நீங்க எலும்பக் குடுங்க, சதைய நான் வெச்சுக்கறேன்."

ஒத்திகைக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவனைப் பொறாமைக்காரன் என்பார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"மேடை ஓரம் தெரிய மாட்டேங்குது மச்சான். விளக்கு மூஞ்சியில அடிச்சா எல்லாமே பாலக் கொட்டுன மாதிரி இருக்கு. வீட்டுல சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா நடிக்க விடமாட்டா."

நான் சொல்லவில்லை. மாறாக, மேடை விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, விரிப்பின் கீழே, விரல் பருமனுள்ள கயிறு ஒன்றைப் பதித்தேன். அவர் வெறுங்காலுடன் நடிப்பார். கயிறு தட்டுப்பட்டதும் நின்றுவிடுவார். பதினொரு முறை நாடகம் போட்டோம். ஒரு முறையும் பிசகவில்லை. அந்தக் கயிறு இருப்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

விபத்து நடந்த இந்த நாடகத்தைப் பதினான்கு மாதங்கள் எழுதினேன். கடைசிக் காட்சியில், மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியபடி மேடையின் முன்புறம் நடந்து வருகிறான். இறுதி ஒத்திகையில் அவர் அதன் நடுவே கொசுவை அடித்து, கொசுவுக்கும் ஆறுதல் சொன்னார். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

நாடகத்தன்று காலை என்னிடம் வந்தார்.

"என்ன மச்சான், மூஞ்சி உர்ருனு இருக்கு? இன்னிக்கு ஒரு சொல்லக்கூட மாத்த மாட்டேன். உங்க தங்கச்சி மேல சத்தியம்."

அதே தங்கையின் மேல் அதே சத்தியத்தை அதற்கு முன் நான்கு முறை செய்திருந்தார்.

இடைவேளையில் விரிப்பைத் தூக்கிக் கயிற்றை உருவினேன். சுருட்டிக் கருவிப்பெட்டியில் வைத்தேன். விரிப்பைச் சுருக்கமின்றி நீவிவிட்டேன். கால் சுளுக்கும், அடுத்த ஆண்டு வேறொருவர் நடிப்பார் என்பதே என் கணிப்பு. மேடையின் உயரம் நாலரை அடி. அளந்தவனும் நானே.

கழுத்துக்குக் கீழே அவருக்கு இப்போது உணர்வு எதுவும் இல்லை. இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கை இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். நான் நாள்தோறும் சென்று ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன். "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன் அண்ணா?" என்கிறாள். அவள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்:

"கயிறு அங்கதான் இருந்திருக்கும் மச்சான். என் காலுக்குத்தான் தெரியல. கண்ணு போனப்பவே நிறுத்தியிருக்கணும். என் தப்பு. அவகிட்ட இப்பவும் சொல்லிடாதீங்க."

அவர் சொன்னது உண்மைக்கு மாறானது. தெரிந்த பிழையை அச்சில் விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இதை எழுதுவதற்கு வேறு காரணமும் இல்லை.

நீங்கள் பார்வையாளர் வரிசையில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திராத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். அவர் நடக்கத் தொடங்கியபோது வசன ஏடு என் மடியில் விரிந்திருந்தது. முதல் சொல் சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. வாக்கியத்தின் பாதியில், இந்த முறை அவர் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. கயிறு இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு அவர் வந்தார். வலக்கால் விரல்கள் ஒரு கணம் விரிப்பைத் தடவித் தேடின. எங்களுக்கிடையே ஆறடி கூட இல்லை. "மாப்பிள்ள, நில்லுங்க" என்று முணுமுணுத்திருந்தால் போதும். எடுத்துக்கொடுக்கும் என் குரலுக்கு அவர் காது பழகியது. சொல்லியிருப்பேன். ஆனால் வாக்கியத்தில் இன்னும் மூன்று சொற்கள் மிச்சமிருந்தன. அவை முடியட்டும் என்று காத்திருந்தேன்.