வரைபடத்தில் முளைத்த காடு

காலையில் ஊட்டிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் பேரூராட்சி எழுத்தர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க, மனுக் குடுத்தா, என்ற ஊடு காட்டுக்குள்ள இருக்குதுன்னு குடிதண்ணிக் குழாய் இல்லைன்னுட்டீங்களே?"

"நான் சொல்லலீங்கம்மா. இணையத்துல கவருமெண்டோட புது மேப்பு வந்திருக்குது. அதுல உங்க எடம் பூரா காடுங்க."

"அது தேயிலைங்க. கொழுந்து வெலை பறிகூலிக்கே கட்டலைன்னு மூணு வருசமாப் பறிக்காம உட்டுட்டோம். செடியெல்லாம் மரமாயிருச்சு."

"மேலேருந்து சாட்டிலைட்டுல படம் புடிக்கறவனுக்கு வெலை சரிஞ்சது தெரியாதுங்களே."

"மேப்புல என்ற ஊடு தெரியலீங்களா?"

"மரம் மறைச்சிருச்சுங்க."

"அப்ப நாளைக்கே கவாத்துப் பண்ணிக் குட்டையாக்கிப் போடறேன்."

"வெட்டீராதீங்க. காடுன்னு பதிவாயிருச்சு. இனி மரத்தைத் தொட்டா கேஸாயிரும்."

அந்த அம்மா சன்னலுக்கு வெளியே தெரிந்த மேட்டைக் கைகாட்டினார்.

"இந்த மேட்டுல தெனமும் எட்டுக் குடம் சொமக்கறேனுங்க. நீங்களே ஒருக்கா வந்து கண்ணுல பாத்துட்டுப் போங்க."

"வரலாம்தான். காட்டுக்குள்ள வரோணும்னா நாங்க வனத்துறைகிட்ட அனுமதி வாங்கோணுமே."

"அப்ப நான் தெனமும் எப்படிங்க என்ற ஊட்டுக்குப் போறது?"

எழுத்தர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை மட்டும் அடுத்த மனுவுல எழுதீராதீங்கம்மா."