திருக்கு சாருக்கு இடமில்லாத மேடை

கழுத்து நிறைந்த மாலைகளோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! மலைமுகில் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் முதலான பெருமக்களே! பதுளைப் பட்டணத்து வணிகப் பெரியோர்களே! விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்று, பகலெல்லாம் தேயிலைக் கொழுந்தெடுத்து, ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் என் தாய்மார்களே! உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்று வந்தும் மேடைக்குக் கீழே உட்காரவைக்கப்பட்டிருக்கும் என் கண்மணிகளே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஜெனீரா. தமிழ் ஆசிரியை. இந்த அணியின் கோல் காப்பாளர் இஸ்ராவின் தாய். வெற்றி விழாவில் வாழ்த்திப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள், வந்தேன். வாழ்த்தப்பட வேண்டியவர் யார் என்று தேடினேன். பதாகையில் பார்த்தேன், தலைவரின் படம் இருக்கிறது. அழைப்பிதழில் பார்த்தேன், செயலாளரின் பெயர் இருக்கிறது. மேடையில் பார்த்தேன், இறுதி ஆட்டத்தன்று ஒரே ஒரு நாள் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த புதிய பயிற்றுவிப்பாளர் பொன்னாடையோடு இருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த டிர்க் ஹொல்ஸ்மா எங்கே? அந்தப் பெயரை உச்சரிக்கவும் இந்த மேடைக்கு நா எழவில்லையா?

ஆமாம் தாயே, அவர்தான். உங்கள் பிள்ளைகள் வாய்க்கு டிர்க் வராமல் 'திருக்கு சார்' ஆனாரே, அவரேதான்!

அவர் பிறந்த ஒல்லாந்து, கடலைத் தடுத்து அணை கட்டி, அலையிடமிருந்து நிலத்தைப் பறித்து வாழும் நாடு. தடுப்பது அவர்கள் இரத்தத்தில் ஊறியது. இவரும் உதைபந்தாட்டத்தில் தடுப்பவராகவே நின்றார். வடக்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் கழகத்தில் பதினொரு பருவங்கள் பின்களத்தில் நின்றார். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கினார்கள். கோல் விழாமல் காத்தவரை யார் தூக்கினார்கள்? மூக்கு உடைந்தது, நின்றார். முழங்கால் கிழிந்தது, தைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஒரு நாள் வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்படும் பஸ்ஸில் கால் வைத்தார். சாரதி கையை நீட்டி மறித்தான். "இன்றைக்கு உன் பெயர் இல்லை. உன்னிடம் யாரும் சொல்லவில்லையா?" புதிதாக ஒருவரைக் கொண்டு வந்திருந்தார்கள். பழையவரிடம் முகம் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் நெஞ்சில் ஈரமில்லை. உள்ளே இருந்த தோழர்கள் ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது. பையோடு வீதியில் நின்ற அந்த மனிதர் அதன் பிறகு ஆடவில்லை. பயிற்சி கொடுக்கப் படித்தார், சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

இதை எனக்கு அவரே சொன்னார். அவருடைய ஆங்கிலத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழாக்கியது நான்தானே!

எல்ல ஊருக்குச் சுற்றுலா வரும் ஆயிரம் வெள்ளைக்காரர்களில் ஒருவராகத்தான் அவரும் வந்தார். மற்றவர்கள் மலையைப் படம் பிடித்தார்கள். இவர் தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலைக்குள் கால் போன போக்கில் நடந்து, ஸ்பிரிங்வெளி மைதானத்து ஓரத்தில் நின்றார். அங்கே நம் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பந்தின் பின்னால் ஓட, ஒருத்தி மட்டும் ஓடாமல் பின்னால் நின்று கைநீட்டி மற்றவர்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். மாரியாயியின் மகள் ஜெயந்தினி! மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டியவர் அவளுக்காக நின்றார். போய்ப் போய் வந்தார். வருடக்கணக்கில் வந்தார்.

சும்மா விட்டார்களா நம் தாய்மார்கள்? மாரியாயி அக்கா நேராக வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் டீச்சர், பொம்பளப் புள்ளைக்குப் பந்து அடிக்கச் சொல்லிக் குடுக்குறாரே, நாளைக்குக் காலு ஒடைஞ்சா யாரு பாப்பா? கேட்டுச் சொல்லுங்க!"

கேட்டேன். அவர் காற்சட்டையைச் சுருட்டித் தன் முழங்கால் தழும்பைக் காட்டினார். "இப்படி ஆகாமல் விழுவது எப்படி என்றுதான் முதலில் சொல்லிக் கொடுப்பேன் என்று சொல்லுங்கள்" என்றார். மாரியாயி அக்கா தழும்பைக் குனிந்து பார்த்தார். "அய்யோ, இந்தக் காலோடயா இந்த மேட்டுல ஏறி வாறாரு? சரி, புள்ளைய விடுறேன். ஆனா மழையில நிக்க வெக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை.

என் மகள் இஸ்ரா பட்டணத்திலிருந்து போய் அவர் அணியில் சேர்ந்தாள். "கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு தோட்டத்து லயத்துப் பிள்ளைகளோடு என்ன விளையாட்டு?" என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அணி ஆட ஆட ஜெயித்தது. அப்போதுதான் மலைமுகில் கழகம் எங்களைக் கண்டுபிடித்தது! தங்கள் பெயர் போட்ட சட்டையைக் கொடுத்தது. அரையிறுதியையும் வென்றோம். இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து தேசிய அணித் தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியோடு வினையும் வந்தது.

தலைவர் அவர்களே, மணியடிக்கிறீர்கள். நேரம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். உங்களைப் புகழ்ந்த மூவர் பேசியபோது அந்த மணி எங்கே இருந்தது? (அமருங்கள் தம்பி, அமருங்கள். யாரும் கத்த வேண்டாம். நான் பேசி முடிப்பேன்.)

நீங்கள் மைதானத்துக்கு வந்தீர்கள். "ஜெயந்தினிய ஒரு ஆட்டத்துக்கு ஒக்கார வெச்சிட்டு எங்க தங்கச்சி மகளப் போடச் சொல்லுங்க டீச்சர்" என்றீர்கள். அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை; அவளே உங்கள் பின்னால் நின்று தலைகுனிந்து அழுதாள். நான் மொழிபெயர்த்தேன். திருக்கு சார் உங்கள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஜெயந்தினியை ஏன் உட்காரவைக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் காரணத்தை அவள் ஏற்றுக்கொண்டால் நானும் ஏற்றுக்கொள்கிறேன்." அவள் பத்தடி தள்ளித்தான் நின்றாள். நீங்கள் சொன்னீர்களா? வாகனத்தில் ஏறிப் போனீர்கள்.

அந்த வாரமே குடிவரவு அதிகாரிகளுக்கு அவர் மீது முறைப்பாடு போனது. சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை செய்கிறாராம். அதிகாரிகள் சட்டத்தைப் பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. முறைப்பாடு செய்த கையைக் கேட்கிறேன்: கழகச் சட்டையை அவர் அணிந்து நின்றபோது தெரியாத விசா, உங்களுக்கு மறுப்புச் சொன்ன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்ததா?

நாட்டை விட்டுப் போவதற்கு முன் திருக்கு சார் மைதானத்துக்கு வந்தார். பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். "நான் போகிறேன். நான் உங்களை விட்டுப் போகவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள்" என்றார். நான் இருபது வருடமாகத் தமிழ் படிப்பிப்பவள். அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயந்தினிதான் சொன்னாள்: "வேணாம் டீச்சர், எங்களுக்கு வெளங்கிருச்சு."

இறுதி ஆட்டத்தன்று ஜெயந்தினி ஆடாவிட்டால் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று அத்தனை பேரும் வீதியில் நின்றார்கள். பதாகை அடித்தாகிவிட்டது, மேளம் பேசியாகிவிட்டது, கழகம் பணிந்தது. ஆடினாள். எதிரணியின் ஒரு பந்துகூட அவளை எளிதாகத் தாண்டி என் மகளின் கைக்கு வரவில்லை. ஒரு கோலில் வென்றோம். கிண்ணம் வந்தது. தலைவர் அதை முத்தமிட்ட படம் பத்திரிகையிலும் வந்தது.

பிறகு? கொழும்புத் தேர்வுக்கு வேன் புறப்பட்டது. ஜெயந்தினி குளித்து, தலைவாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தியில் நின்றாள். மாரியாயி அக்கா சோறு கட்டிக்கொண்டு கூட நின்றார். வேன் வந்து நின்றது. செயலாளர் கண்ணாடியை இறக்கி, "ஒன் பேரு குடுக்கலியே, தெரியாதா?" என்றார். வேன் போய்விட்டது.

எந்த அநியாயம் அந்த மனிதரை ஒல்லாந்து வீதியில் நிறுத்தியதோ, எந்த அநியாயம் தன் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றாரோ, அதே அநியாயத்தை, அவரை விரட்டிவிட்டு, அவர் வளர்த்த பிள்ளைக்கே செய்தீர்கள்! கொழுந்தெடுத்த கைக்குத் தேநீர்க் கோப்பை எட்டாத இந்த மலையில், கிண்ணம் எடுத்தவளுக்கும் மேடை எட்டவில்லை. இதற்கா விழா? இதற்கா மாலை? இதற்கா என்னிடம் வாழ்த்துக் கேட்கிறீர்கள்?

அன்று மாலை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். தொலைபேசியை ஜெயந்தினியிடம் கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இனி ஆட மாட்டேன் சார்" என்றாள். அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு அது மூன்று வருடக் கோபம். நீ அவ்வளவு வருடத்தை வீணாக்காதே. கீழே மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, பார்த்துவிட்டு வா."

அவள் பார்க்கப் போனாள். அழுதுகொண்டேதான் போனாள்; போனவள் அவர்களுக்கு விழுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இதோ, இன்றும் பின்னால் தாயோடு, மேடைப் பக்கம் பார்க்காமல்தான் நிற்கிறாள்.

ஆகவே, அவையோரே, கேளுங்கள். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையை மடித்து மேசையில் வைக்கிறேன், எனக்கு வேண்டாம். கிண்ணத்தைக் கழகமே வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கழகத்தின் சட்டையைத் துவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். என் மகளுடைய சட்டையும் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பிரிங்வெளி மைதானத்தில் புதிய அணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. பட்டணத்துப் பிள்ளைகளும் வரலாம், லயத்துப் பிள்ளைகளும் வரலாம். தலைவரே, உங்கள் தங்கை மகளும் வரலாம், அவளுக்கும் அங்கே இடமுண்டு.

இவ்வளவு நேரம் நின்றே கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. கேட்கப் பிடிக்காமலும் எழுந்து போகாதவர்களுக்கு இன்னும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

மாரியாயி அக்கா, கொஞ்சம் விலகி நில்லுங்கள், முகம் தெரியட்டும். ஜெயந்தினி, தலையை நிமிர்த்து மகளே. பிள்ளைகளே, திரும்பிப் பாருங்கள். உங்கள் பயிற்றுவிப்பாளர் அங்கே நிற்கிறாள்.