அண்ணனின் இடது தொடை

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எங்களைப் போன்றவர்களுக்கும் விளங்கும்படி சொல்வது எல்லா டாக்டர்களுக்கும் வராது. உங்களுக்கு வருகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அண்ணன் தளவாய்க்கு இடது இடுப்பு மூட்டை மாற்றிவிட்டு, நடக்கலாம், குதிக்கக் கூடாது என்றீர்கள். அண்ணன் எங்கள் சுடலைமாடன் கோயில் சாமியாடி. அவன் காலூன்றி நிற்கும்வரை மாடனின் வல்லயம் அவனுக்குத்தான். நிற்க முடியாமல் போனால்தான் தம்பிக்கு. சென்ற வருடக் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த ஈட்டியை என்னிடம் தந்தார்கள். "ஏலே இசக்கி, துடைச்சு வையி. அடுத்த கொடைக்கு வாங்கிக்கிடுதேன்" என்று எல்லார் முன்பும் சிரித்தான்.

மகுடம் அடிப்பவரைத் தனியே கூப்பிட்டேன். மாடனை வரவழைக்கும் மேளம் அது. அந்த அடி கேட்டால் அண்ணன் அண்ணனாக இருக்க மாட்டான்.

"நாற்காலி பக்கத்துல போயி அடிங்க அண்ணாச்சி. ஆசப்படுதான்."

"குதிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாராமே வே?"

"உக்காந்துதான கேக்கப் போறான்."

அண்ணன் எழுந்து துள்ளினான். மேளம் நிற்கும் முன்பே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது, காய்ந்த முருங்கைக் கொப்பு ஒடிவதுபோல. மாடன் கோபம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, கொடை முடியும்வரை ஆடினேன்.

மூட்டுக் கம்பியைச் சுற்றித் தொடை எலும்பு பிளந்திருந்தது. ஆட்டங்கண்ட கம்பியை உருவி, நீளக் கம்பி இறக்கி, எலும்பைச் சுற்றி உலோகக் கயிறு முறுக்கினீர்கள். இனி கம்பி முடிகிற இடத்துக்குக் கீழே ஒடிந்தால் பிடிமானத்துக்கு நல்ல எலும்பு இல்லை என்றீர்கள். எந்த இடம் என்று மறுபடியும் கேட்டேன். தம்பிக்கு என்ன அக்கறை என்று நர்ஸ் பிரிஸில்லாவிடம் மெச்சினீர்கள். உண்மைதான். அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளியது நான்தான்.

போன வாரம் எலும்பு கூடிவிட்டது என்றீர்கள். அண்ணன் ஊன்றுகம்பை ஓரமாக வைத்துவிட்டு நின்று காட்டினான். "வல்லயத்தைத் துடைச்சியாலே?" என்றான்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று எனக்குச் சாமி வரவில்லை, ஐயா. ஊர் பார்த்ததெல்லாம் நானாக ஆடியது. மாடன் இன்னும் அந்தக் காலை விட்டு இறங்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கொடை. நாற்காலியை அதே இடத்தில் போடச் சொல்லிவிட்டேன். மகுடக்காரரிடமும் பேசியாயிற்று. மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். இந்த முறை சிரமப்பட்டு எலும்பைச் சேர்க்க வேண்டாம். காலை எடுத்துவிடுங்கள்.